கால் வலிக்கலையா? சுகர் உள்ளவங்க உஷார்!

வேலூர்:

சுகர் செக்கப்புக்கு ஆஸ்பத்திரி போறோம். ரத்தம் எடுக்கிறாங்க, பிரஷர் பார்க்கிறாங்க, மாத்திரை எழுதித் தர்றாங்க. வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துடுறோம். அங்கே செருப்பை கழட்டி காலை காட்டுனவங்க எத்தனை பேர்?

ரொம்ப கம்மி. கேட்டா, ‘கால்ல ஒண்ணும் வலி இல்லையே, எதுக்கு காட்டணும்?’ என்பார்கள். அந்த பதில்தான் ஆபத்தானது. சர்க்கரை நோயில் வலிக்கிற காலை விட வலிக்காத கால்தான் பல நேரம் மோசமான நிலையில் இருக்கும்.

2023-ம் ஆண்டு வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் 100 பேரை எடுத்துக்கொண்டால், அதில் 19 முதல் 34 பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது பாதத்தில் புண் வரும் என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. சர்க்கரை நோயால் காலையோ விரலையோ இழந்தவர்களில் 100-க்கு சுமார் 85 பேருக்கு ஆரம்பம் பாதத்தில் வந்த ஒரு புண்தான்.

அந்த புண் யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதை முன்கூட்டியே ஓரளவு கணிக்க முடியும். அதற்கு பெரிய மிஷின் தேவையில்லை. ஸ்கேனும் தேவையில்லை. ஒரு நைலான் இழையும், சில நிமிடமும் போதும்.

ஆணி ஏறினாலும் தெரியாது

சர்க்கரை அளவு பல வருஷம் கூடுதலாகவே இருந்தால் நரம்புகள் பாதிக்கும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் காலுக்கு போகிறவைதான். அதனால் பாதிப்பும் முதலில் கால் விரலில்தான் தொடங்கும். முதலில் எரிச்சல், மதமதப்பு, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். அப்புறம் மரத்துப்போகும். சிலருக்கு எரிச்சலே வராமல் நேராக மரத்துவிடும். அவர்களுக்கு பிரச்சினை இருப்பதே தெரியாது.

நரம்பு பாதிப்பு மூன்று வழியில் காலை கெடுக்கிறது.

ஒன்று, தொடு உணர்ச்சி போகிறது. முள் குத்தினாலும், சூடு பட்டாலும், செருப்பு கடித்தாலும் தெரியாது.

இரண்டு, பாதத்தில் உள்ள சின்ன தசைகள் பலம் இழக்கின்றன. விரல்கள் மடங்கி கொக்கி மாதிரி ஆகும். அப்போது உடம்பு பாரம் பாதம் முழுக்க பரவாமல் ஒரே இடத்தில் விழும். அந்த இடம் காய்த்துப்போகும். காய்ப்புக்கு அடியில் சதை நசுங்கி உள்ளுக்குள்ளேயே புண் ஆகும். மேலே பார்த்தால் வெறும் காய்ப்பு மாதிரிதான் தெரியும்.

மூன்று, பாதத்தில் வியர்வை நின்றுவிடும். தோல் காய்ந்து வெடிக்கும். நாம் பித்தவெடிப்பு என்று சொல்லி விட்டுவிடுவோம். அந்த வெடிப்பு வழியாகத்தான் கிருமி உள்ளே போகும்.

இதோடு காலுக்கு வரும் ரத்தக்குழாயும் அடைத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். ரத்த ஓட்டம் இல்லாவிட்டால் புண் ஆறாது. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த அடைப்பு அதிகம்.

ஒரு உதாரணம் பாருங்க. கட்டிட வேலைக்கு போகிறவர். பத்து வருஷமா சுகர். செருப்பில் ஒரு சின்ன ஆணி ஏறியிருக்கிறது. அவருக்கு தெரியவில்லை. அதோடு சாயங்காலம் வரை நடக்கிறார். இரண்டு நாள் கழித்து சாக்கடை நாற்றம் மாதிரி ஏதோ அடிக்கிறதே என்று வீட்டில் உள்ளவர்கள் பார்க்கும்போதுதான் காலில் சீழ் வைத்திருப்பது தெரிகிறது. அதுக்குள்ள கிருமி எலும்பு வரைக்கும் போயிருந்தால் விரலை எடுக்க வேண்டி வரலாம்.

நல்ல கால் உள்ளவர் முதல் அடியிலேயே ‘அம்மா’ என்று கத்தி செருப்பை கழட்டியிருப்பார். வலி அவரை காப்பாற்றியிருக்கும்.

வேலூர் சொல்லிக்கொடுத்த பாடம்

வலி இல்லாத காலை எப்படி காப்பாற்றுவது என்பதை உலகத்துக்கு சொல்லிக்கொடுத்ததில் நம்ம வேலூருக்கு பெரிய பங்கு உண்டு. ஆனா அது சர்க்கரை நோயில் தொடங்கவில்லை. தொழுநோயில் தொடங்கியது.

கொல்லிமலையில் 1914-ம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். இங்கிலாந்தில் படித்துவிட்டு 1946-ம் ஆண்டு வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழுந்துவிடும் என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை, உணர்ச்சி இல்லாததால் சூடும், வெட்டும், அழுத்தமும் திரும்பத் திரும்ப பட்டுத்தான் விரல் போகிறது என்று அவர் கண்டறிந்தார்.

ராத்திரி தூங்கும்போது எலி வந்து விரலை கடித்தாலும் நோயாளிகளுக்கு தெரியாமல் இருந்ததை அவர் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு குணமாகி ஊருக்கு போகிறவர்களுக்கு ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள்.

காலுக்கு மெத்தென்ற செருப்பு வேண்டும், அதே சமயம் முள் ஏறக்கூடாது என்று யோசித்து, வேலூரிலும் பக்கத்தில் உள்ள கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியிலும் எம்.சி.ஆர். செருப்புகள் செய்யப்பட்டன. மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம்தான் எம்.சி.ஆர். இன்றைக்கு சுகர் டாக்டர்கள் எழுதித் தருகிற செருப்பும் இதுதான்.

பால் பிராண்ட் 1966-ம் ஆண்டு அமெரிக்காவில் உள்ள கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு போனார். தொழுநோயாளியின் பாதப் புண்ணும், சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணும் வருகிற விதம் ஒன்றுதான் என்று அங்கே எடுத்துச் சொன்னார். புண் உள்ள காலுக்கு மாவுக்கட்டு போட்டு பாரத்தை குறைக்கும் சிகிச்சை சர்க்கரை நோயாளிகளுக்கும் வந்தது. இன்று உலகம் பூராவும் பயன்படுத்தும் 10 கிராம் இழை டெஸ்ட்டும் 1980-களில் அதே கார்வில் ஆஸ்பத்திரியில் செய்த ஆய்வில் இருந்து வந்ததுதான். அவர் 2003-ல் காலமானார்.

டாக்டர் என்ன பார்ப்பார்?

பாதப் பரிசோதனை என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. ஊசி கிடையாது, ரத்தம் எடுக்க மாட்டார்கள்.

முதலில் கண்ணால் பார்ப்பார்கள். காய்ப்பு, கால் ஆணி, வெடிப்பு, விரல் இடுக்கில் சேற்றுப்புண், நகம் உள்ளே வளர்ந்திருப்பது, விரல் மடங்கியிருப்பது எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார்கள். நீங்க போட்டிருக்கிற செருப்பையும் பார்ப்பார்கள்.

அடுத்தது இழை டெஸ்ட். இதற்கு பெயர் மோனோபிலமென்ட். மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. 10 கிராம் அழுத்தம் கொடுத்ததும் வளையும். முதலில் உங்க கையில் வைத்து, இப்படித்தான் இருக்கும் என்று காட்டுவார்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, கட்டை விரலின் அடியிலும், கட்டை விரலுக்கு கீழே உள்ள மேட்டிலும், சுண்டு விரலுக்கு கீழே உள்ள மேட்டிலும் வைத்து அழுத்துவார்கள். ‘தெரியுதா, எந்தக் கால்?’ என்று கேட்பார்கள். நடுவில் ஒரு தடவை இழையை வைக்காமலேயே கேட்பார்கள். ஆகவே ஊகத்தில் சொல்ல வேண்டாம். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஒவ்வொரு இடத்திலும் மூன்று தடவை கேட்பார்கள். இரண்டு தடவை சரியாக சொன்னால் அந்த இடம் பாஸ். கால் சுண்டு விரல் மேட்டில் மட்டும் தெரியவில்லை என்றாலும் அது கணக்கில் வரும்.

சில டாக்டர்கள் பள்ளிக்கூடத்தில் பார்த்த இசைக்கவை மாதிரி ஒன்றை தட்டி கட்டை விரல் எலும்பில் வைப்பார்கள். அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கத்தான்.

கடைசியில் ரத்த ஓட்டம். மேல் பாதத்திலும், உள் கணுக்காலுக்கு பின்னாலும் நாடி பிடித்து பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் டாப்ளர் கருவியை வைத்து கணுக்கால் பிரஷரையும் கை பிரஷரையும் அளந்து, கணுக்கால் அளவை கை அளவால் வகுப்பார்கள். 0.9-க்கு கீழே வந்தால் காலுக்கு ரத்தம் குறைவாக வருகிறது என்று அர்த்தம். ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்தவர்களுக்கு இந்த கணக்கு தப்பாக வரலாம் என்பதால், அவர்களுக்கு விரல் பிரஷர் பார்ப்பார்கள்.

நீங்க எந்த பிரிவு?

இந்த டெஸ்ட் முடிவை வைத்து, சர்வதேச பாதநோய் மருத்துவ குழு நான்கு பிரிவாக பிரித்திருக்கிறது.

0 பிரிவு: உணர்ச்சி நன்றாக இருக்கிறது. ரத்த ஓட்டமும் சரியாக இருக்கிறது. இவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை காலை காட்டினால் போதும்.

1-ம் பிரிவு: உணர்ச்சி குறைவு அல்லது ரத்த ஓட்டம் குறைவு, இரண்டில் ஏதாவது ஒன்று மட்டும். 6 மாதம் முதல் 12 மாதத்துக்கு ஒரு தடவை.

2-ம் பிரிவு: உணர்ச்சி, ரத்த ஓட்டம் இரண்டுமே குறைவு. அல்லது ஒன்று குறைந்து, கூடவே விரல் மடங்கியோ பாதம் வடிவம் மாறியோ இருக்கிறது. 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு தடவை.

3-ம் பிரிவு: உணர்ச்சியோ ரத்த ஓட்டமோ குறைவு. அதோடு முன்பு பாதத்தில் புண் வந்து ஆறியிருக்கிறது, அல்லது விரல், கால் எடுத்திருக்கிறார்கள், அல்லது கிட்னி முழுக்க செயலிழந்துவிட்டது. இவர்கள் 1 முதல் 3 மாதத்துக்குள் ஒரு தடவை கட்டாயம் காட்ட வேண்டும்.

பலர் ஏமாறுவது இந்த 3-ம் பிரிவில்தான். ‘புண்ணு ஆறிடுச்சு, இனிமே தொந்தரவு இல்லை’ என்று ஆஸ்பத்திரி பக்கமே போக மாட்டார்கள். ஆனா புண் ஆறியவர்களில் 100-க்கு 40 பேருக்கு ஒரே வருஷத்தில் திரும்ப புண் வருகிறது. 5 வருஷத்தில் இது 65 பேர் ஆகிறது. காரணம், புண்தான் ஆறியதே தவிர நரம்பும் ரத்தக்குழாயும் பழைய நிலைக்கு வரவில்லை.

பெரியவர்களுக்கு வருகிற டைப்-2 சர்க்கரை நோய் பல வருஷம் தெரியாமலே உடம்பில் இருந்திருக்கலாம். ஆகவே ‘இப்பத்தானே சுகர் வந்துச்சு’ என்று இருக்க கூடாது. நோய் கண்டுபிடித்த அன்றைக்கே காலையும் பார்த்துவிட வேண்டும்.

வீட்டிலேயே ஒரு டெஸ்ட்

இழை கிடைக்காத இடத்தில் வீட்டு ஆட்களே செய்யக்கூடிய ஒரு முறை இருக்கிறது. இங்கிலாந்தில் உள்ள இப்ஸ்விச் நகர டாக்டர்கள் 2011-ம் ஆண்டு வெளியிட்ட முறை இது. விரல் ஒன்றே போதும்.

சுகர் உள்ளவரை படுக்க வைத்து கண்ணை மூடச் சொல்லுங்க. தொட்டது தெரிந்தால் ‘வலது’, ‘இடது’ என்று சொல்லச் சொல்லுங்க. உங்க ஆள்காட்டி விரல் நுனியால் அவரது கட்டை விரல், நடு விரல், சுண்டு விரல் நுனியை, இரண்டு காலிலும், மாற்றி மாற்றி ஒவ்வொரு தடவை தொடுங்க. மொத்தம் 6 விரல்.

இறகு பட்ட மாதிரி மெதுவாக, ஒன்று அல்லது இரண்டு விநாடி மட்டும் தொட வேண்டும். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, தேய்க்கக்கூடாது. தெரியவில்லை என்றால் திரும்ப தொட்டுப் பார்க்கவும் கூடாது.

6-ல் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே டாக்டரிடம் போய் முழுசாக டெஸ்ட் எடுங்க. எல்லாம் தெரிந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் பார்ப்பதை விட்டுவிடாதீங்க.

தினமும் 5 நிமிஷம்

உணர்ச்சி குறைந்த காலுக்கு கண்தான் காவல். வலி சொல்ல வேண்டியதை கண் சொல்ல வேண்டும். முகம் கழுவுற மாதிரி தினமும் இதை செய்யுங்க.

* ராத்திரி படுக்கும் முன் பாதத்தின் மேல், அடி, விரல் இடுக்கு மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்க. குனிய முடியாதவர்கள் தரையில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து பார்க்கலாம். கண் பார்வை மங்கியவர்களுக்கு பையனோ மருமகளோ பேரப்பிள்ளையோ பார்த்து சொல்லணும்.

* தினமும் காலை கழுவி, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடைங்க. வெந்நீர் என்றால் காலை விட்டு சூடு பார்க்காதீங்க. முழங்கையை விட்டு பாருங்க.

* தோல் காய்ந்திருந்தால் தேங்காய் எண்ணெயோ டாக்டர் சொன்ன கிரீமோ தடவலாம். விரல் இடுக்கில் தடவ வேண்டாம்.

* நகத்தை நேராக வெட்டுங்க. ஓரத்தை தோண்டாதீங்க.

* செருப்பு, ஷூ போடும் முன் உள்ளே கையை விட்டு தடவிப் பாருங்க. கல், முள், குண்டூசி கிடக்கும்.

* பெண்கள் மெட்டியை அப்பப்போ கழட்டி அடியில் பாருங்க. காலில் நீர் கோர்த்து மெட்டி இறுகியிருந்தால் போட வேண்டாம்.

இதெல்லாம் கூடவே கூடாது

கால் ஆணியை பிளேடால் சீவுவது, கடையில் விற்கும் கார்ன் பிளாஸ்டர் ஒட்டுவது இரண்டும் ஆபத்து. அந்த பிளாஸ்டரில் உள்ள ஆசிட் நல்ல தோலையும் அரித்துவிடும். காய்ப்பை ஆஸ்பத்திரியில்தான் எடுக்கணும்.

கால் குடையுது, எரியுது என்று தவிட்டு ஒத்தடம், ஹாட் பேக், சூடான செங்கல் வைப்பார்கள். உணர்ச்சி இல்லாத காலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. பைக் சைலன்சர் பட்டாலும் அப்படித்தான்.

வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலில் நடக்கக்கூடாது. சாக்ஸ் மட்டும் போட்டு நடப்பதும் பாதுகாப்பு இல்லை. வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி செருப்பு வெச்சுக்குங்க.

கோவிலுக்கு போகாமல் இருக்க முடியுமா? போங்க. ஆனா மத்தியான வெயிலில் பிரகாரம் சுற்றாதீங்க. கல் தரை குளிர்ந்திருக்கும் விடியக்காலையிலோ, இருட்டின பிறகோ போங்க. வந்ததும் பாதத்தை பாருங்க. உணர்ச்சி குறைந்தவர்கள் தீ மிதிப்பதை தவிர்க்கணும். பழனிக்கு பாதயாத்திரை போக ஆசைப்பட்டால் டாக்டரிடம் காலை காட்டி கேட்டுவிட்டு முடிவு செய்யுங்க.

எந்த செருப்பு நல்லது?

கட்டை விரல் இடுக்கில் வார் உள்ள ரப்பர் செருப்பு உணர்ச்சி இல்லாத காலுக்கு சரிப்படாது. நடக்கும்போது கழன்று விழுந்தாலும் தெரியாது. பின் பட்டை உள்ள, முன்பக்கம் அகலமான, உள்ளே மெத்தென்றும் அடியில் கெட்டியாகவும் உள்ள செருப்பு வேண்டும். உள் நீளம் உங்க பாதத்தை விட 1 முதல் 2 செ.மீ. கூடுதலாக இருக்கணும். சாயங்கால நேரத்தில், நின்றபடி போட்டுப் பார்த்து வாங்குங்க. அந்த நேரத்தில்தான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ‘போகப்போக லூஸ் ஆயிடும்’ என்று கடைக்காரர் சொன்னால் வாங்காதீங்க.

பாதம் வடிவம் மாறியவர்களுக்கு அளவெடுத்து செய்த செருப்புதான் சரி.

புண் வந்துட்டா?

சின்ன கொப்புளமாக இருந்தாலும் அன்றைக்கோ மறுநாளோ டாக்டரிடம் காட்டுங்க. சுண்ணாம்பு, காப்பித்தூள், பவுடர் எதையும் வைக்காதீங்க. சுத்தமான துணியால் மூடிக்கொண்டு போங்க. அந்தக் காலை ஊன்றி நடப்பதை குறைங்க. மருந்து எவ்வளவு போட்டாலும், புண் மேலேயே நடந்துகொண்டிருந்தால் ஆறாது. இதை நோயாளிகள் நம்ப மாட்டார்கள். வலி இல்லாததால் சாதாரணமாக நடப்பார்கள். பாரத்தை குறைக்க மாவுக்கட்டோ தனி பூட்ஸோ போடச் சொன்னால் தட்டாமல் போட்டுக்கொள்ளணும்.

நாற்றம், சீழ், சுற்றிலும் சிவப்பு, காய்ச்சல், விரல் கருப்பாவது ஆகியவை இருந்தால் அது அவசர கேஸ். காலை வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு போயிடணும்.

இன்னொன்று. புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, தொட்டால் சூடாக இருக்கும். வலி பெரிசாக இருக்காது. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவி விடுவார்கள். இது சார்கோ பாதமாக இருக்கலாம். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கும். நீவக்கூடாது, நடக்கக்கூடாது. அன்றைக்கே டாக்டரை பார்க்கணும்.

கேட்டு வாங்குங்க

அரசு ஆஸ்பத்திரியில் சுகர் கிளினிக் நாளில் கூட்டம் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு ஆளுக்கு டாக்டர் கொடுக்க முடிகிற நேரம் கொஞ்சம்தான். 2021 ஆகஸ்ட் மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களை தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரை வீடு தேடி வந்தது. வயதானவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனா மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்று ஆஸ்பத்திரிக்கு போவதையே விட்டுவிட்டால் காலை யார் பார்ப்பது?

அதனால அடுத்த தடவை செக்கப்புக்கு போகும்போது, உள்ளே நுழைவதற்கு முன்பே செருப்பையும் சாக்ஸையும் கழட்டி கையில் வெச்சுக்குங்க. ‘டாக்டர், காலையும் ஒரு தடவை பார்த்துடுங்க. நான் எந்த பிரிவுன்னு நோட்டுல எழுதிக் கொடுங்க’ என்று கேளுங்க. எழுதி வாங்கிய அந்த நம்பர்தான், அடுத்து எப்போது வரணும் என்பதை சொல்லும். 0 என்றால் ஒரு வருஷம். 3 என்றால் மூணு மாசத்துக்கு மேல் தள்ளிப்போடக்கூடாது.